மாதிரி எண் பதினான்கு

ஹௌக்மோ பண்ணையின் சரிவில்
ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து அதை எடுத்தோம்.
பிப்ரவரி மாதம்.
துளைக்கருவியின் எண்ணெய் உறைந்து
காலைப் பொழுது முழுக்க வீணான பிறகு.
எஃகுக் குழாய்க்குள் சாம்பல் நீலக் களிமண்,
இரு முனையிலும் மெழுகு.
கைக்குழந்தையைப் போலத் தூக்கு என்றார் ஹால்டிஸ், என் நெறியாளர்.
அவருக்குக் குழந்தைகள் இல்லை.
நிலவறையில் நானூறு குழாய்கள் உண்டு.

கடலில் படிந்த மண் இது.
பனிப்பாறையின் பாரம் இறங்கியதும்
நார்வே மெல்ல முதுகை நிமிர்த்தியது,
கடலடி கரையேறியது.
பிறகு மழை.
ஆயிரமாயிரம் ஆண்டு மழை
துணுக்குத் துணுக்காய்
உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று.
மண் அசையவில்லை.
உப்பிருந்த நாளில் எப்படி நின்றதோ
அப்படியே நிற்கிறது சீட்டுக்கட்டு வீடாய்,
பிடிமானம் போன சேதி
இன்னும் எட்டாததுபோல.
அதன்மேல் பார்லி விளைகிறது.
தபால்பெட்டி. டிராக்டர்.
பேத்தி சிக்னே குதிக்க ஒரு டிராம்போலின்.

ஓட்வார் காபி கொண்டுவந்தார்.
கையுறையைக் கழற்றாமல் கேட்டார்:
"களஞ்சியம் நிற்குமா?"
வெட்டு வலிமை, உணர்திறன், கிலோபாஸ்கல் என்று
கையிருப்பை எல்லாம் கொட்டினேன்.
காபி ஆறும்வரை பொறுமையாய்க் கேட்டுவிட்டு
"சரி, நிற்குமா?" என்றார்.

என் ஆய்வை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.
இழந்த உப்பை மண்ணுக்குத் திருப்பித் தருவது.
கிணறு துளைத்து, பொட்டாசியம் குளோரைடு நிரப்பி,
அது தானாகப் பரவும்வரை காத்திருப்பது.
மூன்று ஆண்டில் அரை மீட்டர் போகும்.
உதவித்தொகையும் மூன்று ஆண்டுதான்.
இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பும்போது
ஓரத்தில் ஹால்டிஸ் எழுதியிருந்தார்:
உப்பு உன்னைவிட வேகம்.

ஏப்ரலில், ஆய்வகத்து வாசலில்,
பாதி உருகிய பனியில் கால் வழுக்கியது.
பதினான்காம் எண் படியில் மோதி
மெழுகு தெறித்து உருண்டது.
வாளியில் சரித்தேன்.
பாதி கட்டியாய் விழுந்தது, பாதி குழைந்து.
ஆத்திரத்தில் மரக்கரண்டியால் அந்தக் கட்டியையும் கிளறினேன்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மோராய் வழிந்தது.
இரண்டு மாதம் வாய்மூடி இருந்த மண்
கடைசியில் எனக்குத் தண்ணீர் காட்டிவிட்டது.

அழுகை வரவில்லை. பசித்தது.
படியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.
கறுப்பு ரொட்டி, அவித்த முட்டை,
முட்டைக்கென்று காகிதத்தில் மடித்த உப்பு.

முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டும் வித்தைதான்.
நானே நான்கு முறை செய்து காட்டியிருக்கிறேன்,
கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.
ஆனாலும் ஹௌக்மோ மண்ணில், யாரும் பார்க்காதபோது,
ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை,
கிளறக் கிளறக் கை கனத்தது.
விட்டுப் பார்த்தேன்.
கரண்டி நின்றது.

முட்டையை உப்பில்லாமல் தின்றேன்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரே வரி:
மாதிரி 14, கையாளும்போது சிதைந்தது, நீக்கப்பட்டது.
கரண்டி நின்றதற்கு அட்டவணையில் இடமில்லை.
மலைச்சரிவைக் கரண்டியால் கிளற முடியாது.
கிளறத் தொடங்கினால்
களஞ்சியம் ஆற்றுக்குப் போய்விடும்.

ஜூனில் அளவெடுக்கப் போனேன்.
டிராம்போலின் இடம் மாறியிருந்தது,
ஏழாம் கிணற்றுக்கும் எட்டாம் கிணற்றுக்கும் நடுவில்.
"உப்பு அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை,
இப்போதைக்கு ஒரு சாண்தான்" என்றேன்.
"அவள் இருபது கிலோதான்" என்றார் ஓட்வார்.
வாதாட எனக்கு வாய் வரவில்லை.
சேர்ந்து அதை வீட்டின் மறுபக்கம் இழுத்தோம்,
புல் போர்த்திய பாறைமேல்.

சிக்னே உடனே ஏறிக் குதித்தாள்.
பாறை என்று தெரிந்தும்
ஒவ்வொரு குதிக்கும்
அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.